படகுக்கு ஒரு துறை இல்லையா?

உழவனுக்கு எருது எப்படியோ, அப்படியே கடற்றொழிலாளிக்குப் படகு. பகலெல்லாம் ஏர் இழுத்த எருதை அந்தியில் அவிழ்த்து நடுக்காட்டில் விட்டுவிட்டு வருகின்ற உழவன் ஒருவனை வன்னியில் நாம் கண்டதுண்டா? பட்டி உண்டு, பட்டிக்கு வேலி உண்டு, வேலிக்குப் படலை உண்டு, இரவில் காட்டு விலங்கு அணுகினால் குரைக்க நாயும் உண்டு. உழவு இயந்திரம் வாங்கியவன் அதற்கென ஒரு கொட்டிலாவது போடாமல் கண்ணுறங்குவதில்லை. அறுத்த நெல்லை மழைக்கும் எலிக்கும் எட்டாத இடத்தில் சேர்த்த பின்னரே அவன் மனம் ஆறுகின்றது.

ஆனால் கொக்கிளாய் முதல் சாலை வரை நீண்டு கிடக்கும் முல்லைத்தீவுக் கரையிலே நடப்பதென்ன? கடன்பட்டு வாங்கிய படகை வெறும் மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, 35, 40 கிலோ நிறையுள்ள இயந்திரத்தைத் தோளிலே சுமந்துகொண்டு, கடவுளை நம்பி வீடு திரும்புகிறான் தொழிலாளி. இயந்திரத்தைக் கரையில் விட்டால் காலையில் அது அங்கே இருக்குமா என்ற அச்சம். வலையை விட்டால் வலை இருக்குமா என்ற அச்சம். படகை மட்டும் அவனால் சுமக்க முடிவதில்லை. சுமக்க முடியுமானால் அதையும் சுமந்தே செல்வான்!

படகை எங்கே கட்டுவது? கட்டிய படகை யார் காப்பது? கட்டுகின்ற இடம் யாருக்கு உரியது? இம்மூன்று கேள்விகளையே இவ்வாரம் நாம் எழுப்புகின்றோம். காணி, காணாமற்போனோர், சிறையில் வாடுவோர் என்று மலைபோன்ற பிரச்சினைகள் நிற்கையில், படகு கட்டும் இடத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இதுதான்: வயல்வெளியில் காணிப் பிரச்சினை என்று பெயர் பெறுவதே கடலோரத்தில் துறைப் பிரச்சினை என்று பெயர் பெறுகின்றது. நிலத்தில் வரம்பு இழந்தவன் நிலத்தை இழப்பான். கரையில் துறை இழந்தவன் கடலையே இழப்பான்.

பொழுதுபோக்குப் படகுக்குள்ள மதிப்பு

செல்வர்கள் தமது படகை எவ்வாறு பேணுகின்றனர் என்பதை முதலிற் பார்ப்போம். கொழும்புக்குத் தெற்கே போல்கொடை ஏரியில் படகுக் கழகம் உண்டு. உலகெங்கும் இத்தகைய பாய்மரப் படகுக் கழகங்கள் ஏறக்குறைய ஒரே முறையில் இயங்குகின்றன. உறுப்பினர் ஆண்டுச் சந்தா செலுத்துவர். ஒவ்வொரு படகுக்கும் ஓர் இலக்கம்; ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் இடம். நீரின் அடியிலே கனத்த கல்லோ இரும்போ இறக்கி, அதிலிருந்து சங்கிலி எடுத்து, மேலே மிதவை கட்டி, அந்த மிதவையிலே படகைப் பிணைப்பர். காற்றுக் காலம் வந்தால் சறுக்குத்தளத்தின் வழியே படகைக் கரையேற்றிக் கூரையின் கீழ் வைப்பர். பாயும் கயிறும் வைக்கப் பூட்டுள்ள அறை, இரவில் விளக்கு, கதவடியிற் காவலாள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் காற்று வாங்கப் போகின்ற படகுக்கு இத்தனை உபசாரம்!

பொழுதுபோக்கை நாம் பழிக்கவில்லை. கடலையும் காற்றையும் விரும்புவோர் எவராயினும் எமக்கு நண்பரே. ஆனால் இந்த இடங்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். சென்னையில் 1911ஆம் ஆண்டு அரச பாய்மரப் படகுக் கழகம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் யார்? சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சியின் தலைவர்! துறைமுகத்தின் திறவுகோல் எவர் கையில் இருந்ததோ, அவருடைய நண்பர்களின் படகுகளுக்குத் துறைமுகத்தின் உள்ளேயே புகலிடம் கிடைத்தது. அதே துறைமுகத்தின் சுவர்கள் கடலோர மணலின் ஓட்டத்தைத் தடுத்தமையால், தெற்கே மெரீனாவில் மணல் குவிந்தது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையைத் தின்றது. அங்கே குடியிருந்தோர் யார்? மீனவர்! ஒரே சுவர் ஒரு பக்கத்தில் உல்லாசப் படகுக்கு நிழல் தந்தது; மறு பக்கத்தில் மீனவனின் குடிசையை அலைக்கு இரையாக்கியது. அதிகாரம் எங்கே இருக்கின்றதோ அங்கேயே துறை அமையும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

பாயும் மரமும் தமிழனுக்குப் புதியவையல்ல. வல்வெட்டித்துறையில் எம்மவர் கையாற் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அக்கப்பல் 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அத்திலாந்திக் கடலைப் பாய்விரித்துக் கடந்த இனத்தின் பிள்ளைகள், இன்று தம் ஊர்க் கரையில் ஒரு படகை நிம்மதியாகக் கட்டிவைக்க வழியின்றி நிற்கின்றார்கள். என்னே காலத்தின் கோலம்!

கரை இருந்தும் துறை இல்லை

முல்லைத்தீவின் கரை திறந்த கரை. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் களப்பின் முகத்துவாரங்கள் ஓரளவு மறைவு தரும். ஏனைய இடங்களில் வங்கக் கடலின் அலைக்கும் படகுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் கடல் அடங்கிக் கிடக்கும், தொழிலும் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்தால் நிலைமை தலைகீழாகும். அப்போது படகுகளைக் கரைக்கு மேலே வெகுதூரம் இழுத்து ஏற்றவேண்டும். இழுப்பவை மனிதத் தோள்களே. இழுக்குந்தோறும் படகின் அடி மணலில் தேய்கின்றது. வெயிலிற் கிடந்து கண்ணாடியிழை வெளிறி வெடிக்கின்றது. மழைநீர் நிரம்பிய படகு பாரத்தால் முறுகுகின்றது. இயந்திரத்தை நன்னீரிற் கழுவாவிட்டால் உப்பு அதை அரித்துவிடும். கழுவுவதற்கோ கரையிற் குழாய் இல்லை. இவ்வாறு பத்தாண்டு உழைக்கவேண்டிய படகு அதற்கு முன்னரே கிழடாகின்றது. அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. அது தொழிலாளியின் கடன் சீட்டிலே மட்டும் வட்டியாய் ஏறுகின்றது.

இவை நாளாந்த இழப்புகள். பேரிழப்புகளோ வேறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது; முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கான உயிர்களோடு படகுகளும் வலைகளும் போயின. ஓரளவு மீண்டெழுந்தவர்களைப் போர் விரட்டியது. 2009 மே மாதத்தில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அக்கரையை விட்டு வெளியேறியவர்கள் படகையா எடுத்துச் சென்றார்கள்? திரும்பி வந்தபோது வெறுங் கையோடு தொடங்கினார்கள். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறு படகின் இயந்திரம் குடிப்பது அந்த எண்ணெயைத்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டது. அலை, போர், விலை, புயல் என்று அடிமேல் அடி விழுந்த பின்னரும் எழுந்து நிற்கும் அந்த மக்களுக்கு, எஞ்சிய படகை வைக்க ஓர் இடமாவது உறுதி செய்யப்பட்டதா? இல்லை!

நாயாற்றில் மூண்ட தீ

துறை இல்லாத படகின் கதி என்ன என்பதை நாயாறு காட்டியது. 2018 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், ஒளி பாய்ச்சி மீன்பிடித்தல் போன்ற தடைசெய்யப்பட்ட முறைகளை நிறுத்துமாறு கோரி முல்லைத்தீவு நகரிலே கடற்றொழிலாளர் திரண்டு போராடினர். சில நாள்களே கழிந்தன. ஆகஸ்ட் 13 அன்று இரவு நாயாற்றுக் கரையில் தமிழ்த் தொழிலாளரின் வாடிகளும் படகுகளும் இயந்திரங்களும் வலைகளும் தீக்கிரையாயின. பொழுது விடிந்தபோது ஆண்டாண்டு கால உழைப்பு சாம்பலாய்க் கிடந்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் கூறட்டும். அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு கேள்வி. அத்தனை படகுகள் கிடந்த அக்கரையில் ஒரு காவற்கொட்டில் இருந்ததா? ஓர் இரவு விளக்கு இருந்ததா? எந்தப் படகு யாருடையது, எது எங்கே நிற்கவேண்டும் என்று எழுதிய ஓர் ஒழுங்கு இருந்ததா? இருந்திருந்தால் தீ வைக்க வந்த கை சற்றேனும் தயங்கியிராதா?

இதன் வேரையும் கூறவேண்டும். சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபக் கடல் கொந்தளிக்கும். அப்போது அப்பகுதித் தொழிலாளர் கீழைக்கரைக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். வருகின்றவர் விருந்தினர், பருவம் முடிந்தால் திரும்புவர் என்பதே அவ்வழக்கத்தின் அடிப்படை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் அகதிகளாய் அலைந்து, போர் முடிந்த பின்னர் மீண்டபோது அவர்கள் கண்டதென்ன? தந்தையும் பாட்டனும் கரைவலை வளைத்த பாடுகளில் வேறு வலைகள்! படகு ஏற்றிய மணலில் வேறு வாடிகள்! விருந்தினன் வீட்டுக்காரனாகவும் வீட்டுக்காரன் வழிப்போக்கனாகவும் மாறிய விந்தை அங்கே நிகழ்ந்திருந்தது.

நீர்கொழும்பிலிருந்து வரும் தொழிலாளி மீது எமக்குப் பகையில்லை. அவனும் கடனாளி, அவனும் அலையோடு போராடுபவன். எமது வழக்கு அவனோடு அன்று. ஒருவனுடைய கரையை மற்றொருவனுக்கு அனுமதிச் சீட்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரும் மோதுவதை எட்ட நின்று பார்க்கும் ஆட்சி முறையோடுதான்.

இரணைதீவு கற்பித்த பாடம்

மேற்குக் கரைக்கு வருவோம். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவைச் சேர்ந்தது இரணைதீவு. 1992இல் அம்மக்கள் தீவை விட்டுப் பெயர்ந்தனர். போர் முடிந்தும் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்தமையால், தம் வீட்டையும் தேவாலயத்தையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டே இரணைமாதாநகரில் அவர்கள் காத்திருந்தனர். 2017 மே முதலாம் நாள் போராட்டம் தொடங்கியது. ஏறக்குறைய ஓராண்டு மனுக் கொடுத்தும் மறியலிருந்தும் பயன் காணாது, 2018 ஏப்ரல் 23 அன்று அவர்கள் தம் படகுகளில் ஏறினர்; தம் தீவிலே சென்று இறங்கினர். கத்தியின்றி இரத்தமின்றி, படகைத் தம் கரையிலே கட்டியமையே அவர்களின் போராட்டம்! கட்டிய படகை அவிழ்க்க மறுத்தமையே அவர்களின் வெற்றி! அரசாங்கமும் பின்னர் இணங்கவேண்டியதாயிற்று.

படகு கட்டும் உரிமை அற்பமானது என்று எண்ணுவோர் இரணைதீவை எண்ணுக. எவன் எந்தக் கரையில் அச்சமின்றிப் படகைப் பிணைக்கிறானோ அவனுக்கே அக்கரை சொந்தம். பத்திரத்துக்கு முன்னர் தோன்றிய உரிமை அது.

சட்டத்தின் ஊமைத்தனம்

சட்டம் என்ன சொல்கின்றது? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் பதியப்படவேண்டும்; அனுமதிப் பத்திரம் பெறவேண்டும்; இலக்கத்தைப் படகிலே எழுதவேண்டும். நல்லது. அரசுக்கு உன் படகின் நீளம் தெரியும். இயந்திரத்தின் வலு தெரியும். உன் தந்தையின் பெயரும் தெரியும். ஆனால் அந்தப் படகு இரவில் எங்கே உறங்குகின்றது என்பது மட்டும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பதிவு கேட்கும்போது வாய்திறக்கும் சட்டம், இடம் கேட்கும்போது ஊமையாகின்றது.

மீன்பிடித் துறைமுகங்களுக்கென ஒரு கூட்டுத்தாபனம் 1972இல் அமைந்தது. தென்மேற்குக் கரையிலே துறைமுகத்தின் மேல் துறைமுகம் எழுந்தது. முல்லைத்தீவின் நீண்ட கரைக்கோ மணலே துறைமுகமாயிற்று. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம், ஆட்புலக் கடலுக்கு உட்பட்ட கடற்றொழிலை மத்தியும் மாகாணமும் பங்கிடும் ஒருங்கிய நிரலில் வைத்தது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் சபையின் நாற்காலிகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தன. பங்காளி இல்லாத வீட்டில் முழுச் சொத்தும் ஒருவன் கைக்கே போவது புதுமையா?

ஆட்சேபங்களும் மறுமொழியும்

மூன்று ஆட்சேபங்களை நாம் எதிர்பார்க்கின்றோம்.

கரை பொதுச் சொத்து. எவரும் எங்கும் படகை ஏற்றலாம். ஒரு சிலருக்கு உரிமை கொடுப்பது இனவாதம் என்பர் சிலர். அவர்களை நீர்கொழும்புக் களப்புக்கே அழைக்கின்றோம். அங்கே கட்டுடெல் என்னும் அடைப்புவலைத் தொழில் நடைபெறுகின்றது. அதை எவரும் எங்கும் செய்ய இயலாது. அவ்வூர்களின் நான்கு சங்கங்களைச் சேர்ந்தவர்களே செய்யலாம், பரம்பரையும் பார்க்கப்படும், எந்நாள் எவ்விடத்தில் எவர் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துத் தீர்மானிப்பர். இவ்வழக்கத்தை அரசாங்கம் அழித்ததா? இல்லை; ஒழுங்குவிதியே இயற்றி ஏற்றுக்கொண்டது. மிகச் சிறந்த செயல்! நீர்கொழும்பில் வழக்காறு என்று போற்றப்படுவது நாயாற்றில் இனவாதம் என்று தூற்றப்படுவது ஏன்? அங்கே நியாயமாவது இங்கே அநியாயமாகுமா? நீர்கொழும்பு மக்களுக்குக் கொடுத்ததை எமக்கும் கொடுங்கள் என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் நாம் கேட்கவில்லை.

துறைமுகம் கட்டக் கோடி கோடியாய்ப் பணம் வேண்டும். திறைசேரி வெறுமையாயிருக்கின்றது என்பர் வேறு சிலர். கோடி செலவிட்ட துறைமுகத்தின் கதையை நாம் ஒலுவிலிற் பார்த்துவிட்டோம். 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அருகிலுள்ள ஊர்களின் கரையைக் கடல் அரித்தது. மீனவரும் தென்னந்தோட்டக்காரரும் தலையில் கைவைத்தனர். சென்னை கற்பித்த பாடத்தை நூறாண்டுக்குப் பின்னரும் கற்காத பொறியியலின் விளைவு அது. ஆதலால் பெருஞ் சுவர்களை நாம் கேட்கவில்லை. கரைக்குக் கரை ஒரு சறுக்குத்தளம், படகை இழுத்தேற்ற ஓர் இழுவைப் பொறி, இயந்திரமும் வலையும் வைக்கப் பூட்டுள்ள ஓர் அறை, ஒரு நன்னீர்க் குழாய், இரண்டு சூரிய ஒளி விளக்கு, ஒரு காவற்கொட்டில்: இவ்வளவே. வட்டுவாகலில் கடற்படைத் தளத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் கண்டவர்களுக்கு, படகுத் துறைகளுக்கென ஊருக்கு ஓர் ஏக்கர் காண இயலாதா?

கடற்றொழிலாளரிடம் ஒற்றுமை இல்லை. கொடுத்தாலும் நடத்தமாட்டார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். இது பகைவர் வாயிலிருந்து மட்டும் வருவதன்று. எம்மவர் சிலரும் இதை முணுமுணுக்கின்றனர். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே மறுமொழி கூறவேண்டும்.

எம் குற்றத்தையும் எண்ணுவோம்

ஊருக்கு ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. அவற்றுக்கு மேலே சமாசமும் உண்டு. ஆனால் எத்தனை சங்கங்களில் ஒழுங்காகக் கணக்குக் காட்டப்படுகின்றது? நிவாரணம் வரும்போது நிறையும் கூட்டம், சந்தா கேட்கும்போது கரைவதில்லையா? ஆழிப்பேரலைக்குப் பின்னர் படகுகள் கொடையாக வந்தபோது, கடலைக் காணாதவனுக்குப் படகும் கடலே வாழ்வானவனுக்குக் காத்திருப்பும் கிடைத்த ஊர்கள் இல்லையா? தடைசெய்யப்பட்ட முறைகளைத் தென்னிலங்கையார் செய்தால் கொதிக்கும் நாம், எம்மவன் ஒருவன் வெடிபோட்டோ ஒளி பாய்ச்சியோ பிடித்தால் உறவு கருதிக் கண்மூடுவதில்லையா? பிறரிடம் சட்டம் கேட்பவன் தன் வீட்டில் முதலிற் சட்டத்தை நிறுத்தவேண்டும்.

நிலத்திலுள்ள எம்மையும் கேட்கின்றோம். கடற்றொழிலாளியின் மீன் இனிக்கின்றது. அவன் துயரம் மட்டும் நாறுகின்றதா? கடலோரத்தானை ஒரு படி தாழ்த்திப் பார்க்கும் பழைய நோய் இன்னும் எம் நெஞ்சை விட்டு முற்றாக நீங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்வோம். கிளிநொச்சியில் நீர்வரிக்கு வழக்காடத் தெரிந்த வழக்கறிஞர், நாயாற்றுப் பாட்டுக்கு வழக்காட ஏன் முன்வரவில்லை? குளக்கட்டு அளக்கும் பொறியியலாளர் முகத்துவாரத்தின் மணலை ஏன் அளக்கவில்லை? வவுனியாவுக்குக் கடல் இல்லையே என்று சொல்லித் தப்பவும் இயலாது. அங்கே குளங்கள் உண்டு. குளங்களில் நன்னீர் மீன்பிடித் தோணிகள் உண்டு. அத்தோணிகளுக்கும் துறை வேண்டும்.

ஒழுங்கு எமக்குப் புதியதன்று. உழவரே, உங்களைப் பாருங்கள்! இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் போகந்தோறும் கூட்டம் கூடுகின்றீர்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாள் நீர் திறப்பது, எந்நாளுக்குள் மாட்டை அடைப்பது, வேலி கட்டாதவனுக்குத் தண்டம் என்ன என்றெல்லாம் தீர்மானிக்கின்றீர்கள். மேல்வாய்க்காற்காரனும் கீழ்வாய்க்காற்காரனும் சண்டையிட்டாலும், இறுதியில் முறைநீருக்குக் கட்டுப்படுகின்றீர்கள். நீரைப் பங்கிடத் தெரிந்த இனத்துக்குக் கரையைப் பங்கிடத் தெரியாதா? செல்வரின் படகுக் கழகம் என்பதும் இதனின் வேறன்று. சந்தா, இலக்கம், இடம், முறைக்காவல், விதி மீறியவனுக்குத் தண்டம்: இவை ஐந்தும் சேர்ந்தால் கழகம். வெள்ளைக்காரன் செய்தால் கழகம். எம்மவன் செய்தால் சங்கம். பெயரில்தான் வேறுபாடு; ஆளும் முறையில் வேறுபாடு இருக்கவேண்டியதில்லை.

செய்யவேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: கொக்கிளாய் முதல் சாலை வரையும், பூநகரி முதல் நாச்சிக்குடா வரையும், இரணைதீவிலும் உள்ள படகேற்றும் இடங்கள் யாவும் அளக்கப்பட்டு, எல்லையிடப்பட்டு, அவ்வவ்வூர்ச் சங்கத்தின் பயன்பாட்டுக்குரிய பொதுத் துறைகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்படவேண்டும்.

இரண்டு: மேற்கூறிய சிறு வசதிகள் ஒவ்வொரு துறைக்கும் கிடைக்கவேண்டும். முகத்துவாரத்தில் எந்த வேலை செய்வதாயினும், மணலின் ஓட்டத்தை வாடையிலும் சோளகத்திலும் அளந்த பின்னரே கல் போடப்படவேண்டும்.

மூன்று: பருவகாலத்தில் வெளியிலிருந்து வரும் படகுகள் எத்தனை, எங்கே தங்கும், எந்நாள் திரும்பும் என்பவை பருவம் தொடங்குமுன் உள்ளூர்ச் சங்கங்களின் இணக்கத்தோடு, போகக் கூட்டம் போன்ற ஒரு கூட்டத்தில் தீர்மானிக்கப்படவேண்டும். கொழும்பில் எழுதி அனுப்பும் சீட்டு அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை மேவலாகாது.

நான்கு: தீயாலோ புயலாலோ அழியும் படகுக்கு ஈடு கிடைக்கும் காப்புறுதி, படகின் பதிவோடு பதிவாகவே வரவேண்டும். இலக்கம் கொடுக்கும் கையே ஈட்டுக்கும் பொறுப்பேற்கட்டும்.

சங்கங்களிடம் நாம் கேட்பவை, அரசாங்கத்தின் கடிதத்துக்குக் காத்திராமல் நாளையே தொடங்கக்கூடியவை. ஒவ்வொரு படகுக்கும் கரையில் ஓர் இலக்கக் கட்டை நாட்டுங்கள். படகும் உரிமையாளரும் இடமும் எழுதிய ஏடு ஒன்று வையுங்கள். வீட்டுக்கொருவராய் இரவுக்காவல் முறை வையுங்கள். மாதச் சந்தா சிறியதாயினும் தவறாது வாங்குங்கள். வாங்கியதற்குக் கணக்குக் காட்டுங்கள். நாளை நீதிமன்றத்திலோ செயலகத்திலோ இது எவர் கரை என்ற கேள்வி எழும்போது, கண்ணீர் சாட்சி சொல்லாது. அந்த ஏடு சாட்சி சொல்லும். நீர்கொழும்பின் வழக்காறு சட்டத்தில் ஏறியதும் அவர்கள் அதை முன்னரே நடத்திக் காட்டியமையால்தான்.

படித்தவர்களே! ஏடு எழுதத் தெரியாத சங்கத்துக்கு ஏடு எழுதிக் கொடுங்கள். உழவர்களே! வாடைக்கு முன்னர் படகை மேலேற்ற உங்கள் உழவு இயந்திரத்தை ஒரு நாள் கரைக்கு அனுப்புங்கள். மணலில் அது இழுக்கும் கயிறு, வயலையும் கடலையும் ஒருங்கே கட்டும் கயிறாகும்.

முல்லைத்தீவுக் கரையில் இன்றிரவும் படகுகள் மணலிற் கிடக்கின்றன. அவற்றின் அருகே விளக்கு இல்லை. அடுத்த வாடைக்கு முன்னர் ஒரு கரையிலாவது, ஒரு சங்கமாவது, முதல் இலக்கக் கட்டையை நாட்டட்டும். அந்தக் கட்டையைப் பிடுங்க வருகின்றவன் எவனாயினும், அவன் ஒரு தொழிலாளியைச் சந்திக்கமாட்டான். தமிழ் மக்கள் முழுவதையும் சந்திப்பான்.